‘எந்தத் தெரு?’ என்று கேட்கும் மருத்துவம்

திருமழிசையில் மாலை ஆறு மணிக்கு மேல் கிளினிக் வாசல்களில் கூட்டம் சேரும். சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருபவர்கள், வீட்டு வேலை முடித்து வரும் பெண்கள், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் வயதானவர்கள் என்று திண்ணையும் படிக்கட்டும் நிறைந்துவிடும். கம்பவுண்டர் ஒரு நீளமான நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். பேர் என்ன? வயசு என்ன? எந்தத் தெரு?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஊரில் எவரும் எவரிடமும் சாதியைக் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. சன்னதித் தெரு என்றால் ஒன்று, காலனி என்றால் இன்னொன்று. தெருவைச் சொல்லிவிட்டால் மீதியை நோட்டே சொல்லிவிடும்.

காலனியைச் சேர்ந்த எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியுடன் அண்மையில் மூன்று முறை அப்படி ஒரு கிளினிக்குக்குச் சென்றுவந்தோம். அவர் பெயரையும் மருத்துவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தெருவில் எல்லோரும் அழைப்பதுபோல் நாமும் அவரை ஆயா என்றே குறிப்பிடுகிறோம்.

ஆயா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர். நிலங்கள் மனைகளான பிறகு, தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் துப்புரவு வேலைக்குப் போனார். இன்றும் காலை வேளையில் இரண்டு மணி நேரம் பெருக்கப் போகிறார். சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் அங்கே கூட்டமும் பரிசோதனையும் காலையில். காலையில் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால் திடீரென்று ஏதாவது என்றால் மாலையில் இந்தக் கிளினிக்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே மருத்துவர். “நம்ம டாக்டர்” என்றுதான் ஆயா சொல்வார். மகனுக்குக் காமாலை வந்தபோதும், கணவர் இருமி இருமிக் கிடந்தபோதும், பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோதும் அவரிடமே ஓடியிருக்கிறார். குடும்ப மருத்துவர் என்ற சொல்லுக்கு இதைவிட வேறென்ன பொருள் இருக்க முடியும்?

ஆயாவின் வலது காலில், செருப்பு வார் படும் இடத்தில், ஒரு புண். வலிக்கவில்லை. வலிக்காததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேத்திதான் முதலில் பார்த்து, “ஆயா, இன்னா இது, நாத்தம் வருது” என்று சொல்லியிருக்கிறாள். நம்மிடம் சொன்னவளும் அவள்தான். “டாக்டர்கிட்ட ரெண்டு தபா போய் வந்துச்சிங்க. கால பாக்கவே இல்லியாம்.”

முதல் முறை நாம் உடன் சென்றபோது ஆயா வெளியே இருந்த பலகையில் போய் உட்கார்ந்தார். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன. “உள்ள வாங்க ஆயா” என்றதற்கு, “இங்கதான் கண்ணு நாங்க ஒக்காருவோம்” என்றார். யாரும் அப்படிச் சொல்லி வைத்ததில்லை என்றும் சொன்னார். யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கும் இடம் அது. நமக்கு முன் டோக்கன் வாங்கியவர்கள் போனார்கள். நமக்குப் பின் வாங்கிய இருவரும் போனார்கள். ஆயா கடைசியாக அழைக்கப்பட்டார்.

உள்ளே நடந்தது இரண்டு நிமிடம் இருக்கும். மருத்துவர் நாற்காலியை விட்டு எழவில்லை. சர்க்கரை அளவு எழுதிய சீட்டைப் பார்த்தார். “ஏறியிருக்கு. மாத்திரைய மாத்தித் தர்றேன்” என்றார். ஆயா சேலையைச் சற்றே தூக்கிக் காலை முன்னால் நீட்டினார். “கால கீழ வைம்மா” என்றார் மருத்துவர். கை சீட்டு எழுதிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இருநூறு ரூபாய்.

நாம் வெளியே வந்து நின்றுகொண்டோம். அடுத்துப் போனவர் காரில் வந்திறங்கிய ஒரு பெரியவர், அவரும் ஆயாவின் வயதினர். கதவு பாதி திறந்திருந்தது. மருத்துவர் எழுந்து வந்து அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தார். அந்த மருத்துவருக்கு மருத்துவம் தெரியாமல் இல்லை, மனிதத்தன்மை இல்லாமலும் இல்லை. இரண்டும் ஒரு தெருவோடு நின்றுவிடுகின்றன.

இது சாதிதானா என்று சிலர் கேட்கக்கூடும். வறுமையாக இருக்கலாம், முதுமையாக இருக்கலாம், அவசரமாக இருக்கலாம். நாமும் நம்மையே அப்படிக் கேட்டுக்கொண்டோம். உண்மை என்னவென்றால் இவை தனித்தனியாக வருவதில்லை. கிழவி என்பதால் ஒரு அலட்சியம், ஏழை என்பதால் ஒரு அலட்சியம், பெண் என்பதால் ஒன்று, காலனி என்பதால் ஒன்று. நான்கும் ஒரே காலில் வந்து நிற்கின்றன. ஆனால் தொடாமல் இருப்பதற்கு மட்டும் இந்த மண்ணில் ஒரு தனிப்பெயர் உண்டு. தீண்டாமை என்பதன் நேர்ப்பொருளே அதுதான்.

தொடுதல் மருத்துவத்தில் ஒரு மரியாதைச் சடங்கு அல்ல. அது பரிசோதனை. நவீன மருத்துவம் பயிலும் மாணவருக்கு முதலில் சொல்லித்தரும் வரிசையே, கண்ணால் பார், கையால் தொட்டுப் பார், விரலால் தட்டிப் பார், குழல் வைத்துக் கேள் என்பதுதான். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடு ஸ்பரிசமும் ஒன்று. நோயாளியின் உடம்பில் கை வைக்காத வைத்தியன் எட்டில் இரண்டை முதலிலேயே இழந்துவிடுகிறான். 19ஆம் நூற்றாண்டில் சாதிபேதமற்ற திராவிடர் என்று தம் மக்களை அழைத்த அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். ஊர் முழுவதற்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பலர் சேரியிலிருந்து போனவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஊரின் பிள்ளைகளை முதலில் ஏந்திய கைகள் அவை. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் காலைத் தொடத்தான் இன்று ஆள் இல்லை.

சர்க்கரை நோயாளியின் காலில் இது உயிர் பிரச்சினை. பல ஆண்டு சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிடும். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. இரத்தக்குழாய் சுருங்கிப் புண் ஆறாமல் நிற்கும். வலி இல்லாததே ஆபத்தின் அறிகுறி. அதனால்தான் சர்க்கரை நோயாளியின் பாதத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவர் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தி “தெரிகிறதா” என்று கேட்கவேண்டும். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. விரலும் இழையும் ஐந்து நிமிடமும் போதும். பதினைந்து ஆண்டுகளில் ஆயாவுக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கதை புதிதல்ல. 1929 டிசம்பர் 12 நாளிட்ட ‘யங் இந்தியா’ இதழில் காத்தியவாரைச் சேர்ந்த தீண்டத்தகாத வகுப்பு ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளியானது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தம் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாளில் அந்த ஆசிரியரின் மனைவிக்கு நோய் கண்டது. மூச்சு முட்டியது. மருத்துவர் சேரிக்கு வரமாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பிணை நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். பச்சிளம் குழந்தையோடு அந்தப் பெண் வெளியே கொண்டுவரப்பட்டாள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்து, அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போனார் மருத்துவர். மருந்து மட்டும் வந்தது. மறுபடி அவர் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள்.

நிமோனியா என்று மருத்துவர் சொன்னாரே தவிர, நோயாளியின் நெஞ்சில் ஒரு முறையும் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவருக்கும் நடுவே இரண்டு பேரின் கைகள் இருந்தன. இன்று நடுவில் கைகள் இல்லை. ஒரு மேசை இருக்கிறது. ஒரு சீட்டு இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அது அந்தக் காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2001-02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடத்தப்பட்ட ஆய்வு 2006இல் நூலாக வந்தது. பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தது அவற்றில் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பதிவானது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து தருகையிலும் பரிசோதிக்கையிலும் தொடுவதைத் தவிர்ப்பதே பாகுபாட்டின் முக்கிய வடிவம் என்பதை அது காட்டியது. காத்தியவாரும் இன்றைய குஜராத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது முறை சென்றபோது நாம் வாய் திறந்தோம். “டாக்டர், அவங்க கால ஒருமுற பாத்துடுங்க.” மருத்துவர் நிமிர்ந்தார். “நீங்க யாரு?” என்றார். சொன்னோம். “இவங்க சுத்தமா வச்சிக்கிறதில்ல சார், நாங்க என்ன செய்ய முடியும்? நான் யாருக்கும் வித்தியாசம் பாக்குறவன் இல்ல” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறோம். அதுதான் பெரிய சிக்கல். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு மருந்து வைத்துக் கட்டச் சொன்னார். அவர் மேசைக்கு அந்தப் பக்கமே இருந்தார். சுத்தமாக இல்லை என்ற சொல் ஆயாவின் மேல் விழுந்தது. நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் இடங்களைச் சுத்தம் செய்தவர் அவர். ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “தொட்டுப் பாத்தா தீட்டா ஒட்டிக்கும்?” என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

மூன்றாவது முறை சென்றபோது கிளினிக் பூட்டியிருந்தது. ஆயாவுக்குக் குளிர்சுரம். காத்திருக்கவில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கும் வரிசை, அங்கும் அதட்டல், அங்கும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அரசு மருத்துவமனை என்றால் சமத்துவபுரம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அன்றைக்குப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர், ஒரு குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆயாவின் காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கையுறை போட்ட விரலால் புண்ணைச் சுற்றி அழுத்தினார். மற்ற காலில் நைலான் இழையை வைத்து, “தெரியுதா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்து இடத்தில் ஏழு இடம் தெரியவில்லை. எலும்பு வரை போய்விட்டது என்றார். ஒரு விரல் எடுக்கப்பட்டது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ஒரு மாதம் முன்னால் ஆயா போகாமல் இல்லை. வேறு வாசலுக்குப் போயிருந்தார்.

அந்த மருத்துவர் என்ன சாதி என்று நாம் கேட்கவில்லை. அவரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

திருமழிசை என்ற பெயரே ஓர் ஆழ்வாரால் அறியப்படுகிறது. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தையாக, பிரம்பு வெட்டப் போன ஒரு எளிய தம்பதியரால் எடுத்து வளர்க்கப்பட்டவர் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. காஞ்சிபுரத்தில் அவர் தங்கிய இடத்தைக் கூட்டிப் பெருக்கித் தொண்டு செய்த ஒரு கிழவியிடம், உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டதாகவும், அவள் முதுமையை நீக்கியதாகவும் ஒரு கதை உண்டு. அற்புதம் இருக்கட்டும். பெருக்குகிற ஒரு கிழவியை ஏறிட்டுப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விதான் நமக்கு முக்கியம். அவர் பெயரோடு இணைந்த ஊரில் இன்று பெருக்குகிற கிழவியிடம் கேட்கப்படும் கேள்வி வேறாக இருக்கிறது.

நல்ல குடும்ப மருத்துவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த மருத்துவர் திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் மறைந்தபோது, உழைக்கும் மக்கள் தெருவில் நின்று அழுதார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாய் மருத்துவர் என்று பெயர் வாங்கிய ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தபோதும் அப்படித்தான். குறைந்த கட்டணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் நினைக்கவில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் தம் வீட்டு ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிற ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற தைரியத்தை அவர்கள் தந்தார்கள். வடசென்னையில் முடிந்தது மேற்குப் புறநகரில் முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 6ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. மற்றவர்களுக்குத் தரும் சேவையை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தர மறுப்பதும் குற்றம் என்கிறது. வெளிப்பலகையும் கடைசி டோக்கனும் இந்த வரிக்குள் வருகின்றன. “நான் வித்தியாசம் பார்த்துச் செய்யவில்லை” என்பவருக்கு 12ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது எதிர்த்தரப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகளும் இருக்கின்றன. மதமோ இனமோ சமூக நிலையோ தன் கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே வர விடமாட்டேன் என்று ஒவ்வொரு மருத்துவரும் உறுதி எடுக்கிறார். ஏற்றுக்கொண்ட நோயாளியைக் கவனியாமல் விடக்கூடாது. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தரவேண்டும். இருபது ஆண்டு பார்த்த ஆயாவைப் பற்றி அந்தக் கிளினிக்கில் பெயர், வயது, தெரு தவிர வேறு எந்தக் குறிப்பும் இல்லை.

ஆனால் சட்டத்தால் கதவைத் திறக்க முடியும், கையை நீட்ட வைக்க முடியாது. ஆயாவும் புகார் வேண்டாம் என்றுவிட்டார். “நாளைக்கி ராத்திரி புள்ளைக்கி சொரம்னா எங்க போறது?” என்றார். அருகில் வேறு வாசல் இல்லாத ஒருவரிடம் வழக்குப் போடுங்கள் என்று சொல்வது எளிது. அவர் முடிவை நாம் மதிக்கிறோம். அதனால்தான் பெயர்கள் இல்லாமல் இதை எழுதுகிறோம்.

நாம் கேட்பவை அதிகமில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லது. மாத்திரையோடு, காலனி வீடுகளில் முதியவர்களின் பாதத்தையும் ஒரு முறை பார்த்துப் பதிந்துகொண்டால் எத்தனையோ விரல்கள் மிஞ்சும். தனியார் மருத்துவர்களின் சங்கங்கள் தங்கள் கூட்டங்களில் புதிய மருந்துகளைப் பற்றிப் பேசுவதுபோல் இதையும் ஒரு நாள் பேசவேண்டும். கிளினிக் நோட்டில் தெரு இருக்கும் இடத்தில் கைபேசி எண்ணை எழுதிக்கொண்டால் எந்த வைத்தியமும் கெட்டுவிடாது.

நம் தெருக்களில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வெளிப்பலகையில் உட்காரும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கைவிட வேண்டும். பெரியவர்களைத் தனியே அனுப்பாமல் உடன் போகவேண்டும். காலைப் பாருங்கள், நெஞ்சைப் பாருங்கள் என்று கேட்கவேண்டும். கேட்பது உரிமை. பாகுபாடு என்று தெரிந்தால் வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 இருக்கிறது. முதியோருக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104.

சென்ற வாரம் பேத்திக்குக் காய்ச்சல் என்று ஆயா மறுபடியும் அதே கிளினிக்குக்குப் போயிருக்கிறார். கட்டுப்போட்ட காலோடு நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கம்பவுண்டர் நோட்டை விரித்து வழக்கம்போல் பேர் கேட்டார், வயசு கேட்டார், எந்தத் தெரு என்று கேட்டார்.

“தெரு இன்னாத்துக்குய்யா? காய்ச்ச புள்ளைக்கி. அதத் தொட்டுப் பாக்கச் சொல்லு” என்றாராம் ஆயா.

பேத்தி சிரித்துக்கொண்டே இதை நம்மிடம் சொன்னாள். மருத்துவர் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டோம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம்.